கோடைக்கேற்ற கனிப் பானங்களும் இன்சுவைப் பதார்த்தங்களும்

கோலார் தங்கவயலின் கடைவீதி நகரமாகிய ராபர்ட்சன்பேட்டை கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. உயரம் காரணமாகச் சென்னையைப் போன்ற புழுக்கம் இங்கு இல்லை. எனினும் மார்ச் முதல் மே வரை வெயில் கடுமையாகவே இருக்கும். காற்று வறண்டு வீசும். அந்நாட்களில் எலுமிச்சைப் பானகமும், திராட்சைச் சர்பத்தும், பனிக்கட்டி இட்ட பழச்சாறும் தெருவெங்கும் விற்கப்படுகின்றன. இராம நவமியன்று பானகமும் நீர்மோரும் வழங்கும் வழக்கம் இப்பகுதியில் தமிழர், கன்னடர், தெலுங்கர் யாவரிடமும் உண்டு.

இப்பானங்களைக் குடிப்போர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “குளிர்ச்சியாக இருக்கிறதா?” ஆனால் உடலின் நன்மையைக் கருதினால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அதில் உள்ள நீர் எத்தகையது? உப்பும் சர்க்கரையும் எவ்வளவு? சாறு பிழிந்து எத்தனை நேரமாயிற்று? இவ்வினாக்கள் ஏன் முக்கியமானவை என்பதையும், இவ்வட்டாரத்தில் கிடைக்கும் கனிகளைக் கொண்டு நல்ல பானங்களையும் இனிப்புகளையும் செய்வது எப்படி என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பமும் வியர்வையும்

உடல் தன் வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதலாகும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலிலிருந்து அகலும். இதனைக் குளிர்பானத்தின் குளிர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் குடித்தால், அந்நீர் உடலின் வெப்பநிலையாகிய 37 டிகிரியை அடைவதற்கு 27 கிலோ கலோரி வெப்பத்தையே எடுத்துக்கொள்ளும். அதே நீர் பின்னர் வியர்வையாகி ஆவியானால் அதைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை அகற்றும். ஆகவே பானம் உடலைக் குளிர்விப்பது அதன் குளிர்ச்சியால் அன்று. அதிலுள்ள நீரால் என்பது தெளிவு.

மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வறண்ட காற்றில் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்று வறண்டிருந்தால் பானையும் நன்கு குளிரும்; மனிதனும் நன்கு குளிர்வான். காற்றில் ஈரம் மிகுந்தால் இரண்டும் தடைப்படும்.

இத்தடையின் கொடுமையைத் தங்கவயல் மக்கள் நேரில் அறிந்தவர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் மூடப்படும் வரை சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அதன் ஆழம் சுமார் 3,200 மீட்டர். அடித்தளப் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியிருந்தது. குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தியும், ஈரமும் வெப்பமும் கலந்த அச்சூழலில் தொழிலாளர் வெகுவாக வியர்த்தனர். சுரங்கத்தினுள் தொழிலாளர் மயங்கி விழுவதைப் பற்றிக் காப்லன் என்னும் மருத்துவர் இங்கு ஆராய்ந்து 1944-ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

வியர்வை வெறும் நீர் அன்று. ஆளுக்கு ஆள் வேறுபடினும், ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு அதில் உண்டு. மிகுதியாக வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் ஏராளமாகக் குடித்தால், உடலில் எஞ்சிய உப்பு மேலும் நீர்த்துப்போகும். தசைகள் பிடித்து இழுக்கும். இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரிடையே இத்தசைப்பிடிப்பை ஆராய்ந்த மாஸ் என்பவர் அதன் காரணத்தை 1923-ஆம் ஆண்டில் விளக்கினார். நீரில் சிறிதளவு உப்புச் சேர்த்துக் குடிப்பதே அதற்குத் தடுப்பு முறையாக அமைந்தது. நம் நீர்மோரிலும் பானகத்திலும் ஒரு சிட்டிகை உப்பு இடும் பழக்கம் பொருளற்றதன்று.

சர்க்கரை எவ்வளவு?

சிறுகுடலின் சுவரில் உப்பின் சோடியமும் சர்க்கரையின் குளுகோசும் ஒன்றையொன்று துணைகொண்டு உட்புகுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படுகிறது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே வயிற்றுப்போக்கிற்குத் தரப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகாலனாபிஸ் என்னும் இந்திய மருத்துவர் இக்கரைசலைப் பெரிய அளவில் பயன்படுத்தி எண்ணற்ற உயிர்களைக் காத்தார். உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோசும் 2.6 கிராம் சமையல் உப்பும் இருக்கின்றன. இவற்றுடன் பொட்டாசியம், சிட்ரேட் உப்புகளும் சேர்கின்றன.

இதனால் அறிய வேண்டியது, சர்க்கரை சிறிதளவாக இருந்தால் நீர் உட்புக உதவுகிறது என்பதாகும். அளவு மிகுந்தாலோ எதிரான விளைவு ஏற்படும். திராட்சைச் சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை உண்டு. அதில் மேலும் சர்க்கரையைக் கொட்டினால், அக்கெட்டியான சாறு இரைப்பையை விட்டு அகலத் தாமதமாகும். குடலுக்குள் நீரை இழுக்கவும் செய்யும். தாகம் தணியாமல் மேலும் மேலும் குடிக்கத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் தாகத்திற்கான பானத்தில் லிட்டருக்கு 50 அல்லது 60 கிராமுக்கு மேல் இனிப்பு வேண்டியதில்லை. கெட்டியான பழச்சாற்றைப் பானமாகக் கருதாமல் உணவாகக் கருதிச் சிறிதளவே உண்ணுதல் தகும்.

வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்குக் கனிப் பானங்கள் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஈடாகா. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்குக் கோடையிலும் தாய்ப்பாலே போதுமானது. வேறு பானம் எதுவும் தரலாகாது.

நீரும் பனிக்கட்டியும்

பானத்தின் பெரும்பகுதி நீராகையால், நீரின் தூய்மையே பானத்தின் தூய்மையாகும். சுரங்கங்கள் நடைபெற்ற காலத்தில் பாலாற்றைத் தடுத்து அமைந்த பேத்தமங்கலம் ஏரியின் நீர் தங்கவயல் குடியிருப்புகளுக்கு வந்தது. இன்றோ வட்டாரம் முழுவதும் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளையும் வண்டிகளில் வரும் நீரையும் நம்பியுள்ளது. இதில் இருவகைத் தீங்குகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது, நோய்க்கிருமிகள். காலரா, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை, சீதபேதி முதலியன அசுத்த நீரால் பரவுவன. நீரை நன்கு கொதித்தெழும்படி காய்ச்சினால் இக்கிருமிகள் அழியும். பின்னர் மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும்.

இரண்டாவது, புளோரைடு. கோலார் மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் இது மிகுந்துள்ளது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும். அதற்கு மேற்பட்டால் நாளடைவில் பற்களில் கறை படியும், எலும்புகளும் பாதிக்கப்படும். காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். எனவே வீட்டுக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் அதனை ஒருமுறை பரிசோதித்தறிவது நலம். கோடையில் ஒருவர் குடிக்கும் நீரின் அளவு இரட்டிப்பானால், உட்செல்லும் புளோரைடும் இரட்டிப்பாகும் என்பதை மறக்கலாகாது.

பனிக்கட்டியைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்று பரவலாக உள்ளது. நீர் உறைந்தால் கிருமிகள் செத்துவிடும் எனப் பலர் நம்புகின்றனர். உறைதலால் பெரும்பாலான கிருமிகள் அழிவதில்லை. உறங்குகின்றன என்றே கூறலாம். பனிக்கட்டி உருகியவுடன் அவை மீண்டும் விழித்தெழும். மீன் முதலியவற்றைப் பதப்படுத்துவதற்கான பனிக்கட்டி குடிநீரில் செய்யப்படுவதன்று. அதனைப் பிரித்தறியும் பொருட்டு அத்தகைய பனிக்கட்டிக்கு நீல நிறம் ஊட்ட வேண்டுமென 2018-ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விதித்தனர். பானக் கடையில் நீலம் பாய்ந்த பனிக்கட்டியைக் கண்டால் அப்பானத்தை ஒதுக்கிவிட வேண்டும். மண்பானையில் குளிர்ந்த, காய்ச்சிய நீர் பனிக்கட்டியினும் சிறந்தது.

இப்பகுதியின் கனிகள்

கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. சாற்றுக்கும் கூழுக்கும் உகந்த கிளிமூக்கு மாங்காய் இங்கும் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி, சித்தூர் மாவட்டங்களிலும் மிகுதியாக விளைகிறது. பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடைப் பயன்படுத்துவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வைக்கோலில் வைத்துப் பழுத்த கனியே நலம் தரும்.

நாவற்பழம் ஜூன், ஜூலை மாதங்களில் சந்தைக்கு வரும். நாவை இழுக்கும் அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். அது உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து வழுவழுப்பைப் போக்குகிறது. உப்பிட்டு உண்டால் துவர்ப்பு மட்டுப்பட்டுத் தோன்றும். நாவல் நீரிழிவைக் குணப்படுத்தும் என்று கருதி மருந்தை நிறுத்துவது பேராபத்து.

பட்டுப்புழு வளர்ப்பு பரவிய இம்மாவட்டத்தில் முசுக்கொட்டைச் செடி எங்கும் உண்டு. இலைக்காகவே அதனைப் பயிரிடுவதால் பழத்தைப் பெரியோர் பொருட்படுத்துவதில்லை. சிறுவர்களே பறித்துத் தின்கின்றனர். கன்னடத்தில் நாவலை நேரளெ என்றும் முசுக்கொட்டையை ஹிப்புநேரளெ என்றும் வழங்குவர்; இரண்டின் கருநீல நிறத்திற்கும் காரணம் ஆந்தோசயனின் என்னும் ஒரே வகைச் சாயப்பொருளே. முசுக்கொட்டைப் பழம் மிக மெல்லியது. பறித்த மறுநாளே குழைந்துவிடும். ஆதலால் பறித்த அன்றே பயன்படுத்த வேண்டும். பெங்களூர் நீலத் திராட்சையும் இந்நிறக் கனிகளுள் ஒன்று. அதன் புளிப்பும் மணமும் பானத்திற்கு மிகவும் ஏற்றவை.

தங்கவயலில் பொன் பிரித்தெடுத்தபின் ஒதுக்கிய மண் மலைபோல் குவிந்து கிடக்கிறது. மக்கள் அவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். காற்றுக் காலத்தில் அம்மேடுகளின் நுண்ணிய தூசி தொலைதூரம் பறந்து படிகிறது. மேடுகளின் அருகே வளர்ந்த மரத்துப் பழங்களைத் தவிர்த்தல் நன்று. ஏனைய பழங்களையும் ஓடும் நீரில் நன்கு அலம்பியே பயன்படுத்த வேண்டும். தோலுரிக்க இயலாத நாவல், முசுக்கொட்டை, திராட்சை ஆகியவற்றுக்கு இக்கவனம் இன்றியமையாதது.

பானங்கள் தயாரிக்கும் முறை

பின்வரும் அளவுகள் ஒரு லிட்டர் பானத்திற்கு உரியவை. நீர் என்பது யாண்டும் காய்ச்சி ஆறிய நீரையே குறிக்கும்.

பானகம்: வெல்லம் 60 கிராம், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, உப்பு கால் தேக்கரண்டி, சுக்குப் பொடியும் ஏலப்பொடியும் சிறிதளவு. வெல்லத்தைக் கொதிநீரில் கரைத்து வடிகட்டினால் மண்ணும் தூசும் நீங்கும். எலுமிச்சைச் சாற்றை நீர் ஆறியபின் சேர்த்தால் அதிலுள்ள சி வைட்டமின் பெரிதும் காக்கப்படும்.

மாங்காய்ப் பானம்: நடுத்தரமான மாங்காய் இரண்டினைத் தோலுடன் வேகவைத்துச் சதையை மசித்தெடுக்கவும். வெல்லம் 60 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் சேர்த்து நீர் விட்டு ஒரு லிட்டராக்கவும்.

நாவற்பழப் பானம்: கால் கிலோ பழத்தைக் கையால் பிசைந்து, ஒரு குவளை நீருடன் மெல்லிய தீயில் பத்து நிமிடம் சூடாக்கவும், கொதிக்க விடலாகாது. மிதமான சூட்டில் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். கொட்டைகளை நசுக்காமல் வடிகட்டி, சர்க்கரை 50 கிராமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நீர் விடவும். முசுக்கொட்டை, நீலத் திராட்சை ஆகியவற்றுக்கும் இம்முறையே பொருந்தும். சற்று எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் சிவந்து பொலியும்.

இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரைக் கேட்டறிந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சுவைப் பதார்த்தங்கள்

மாம்பழச் சீகரணெ இவ்வட்டாரத்தின் எளிய இனிப்பு. பழுத்த மாம்பழச் சதையைக் கையால் பிசைந்து, காய்ச்சி ஆறிய பாலும் சிறிது வெல்லமும் ஏலமும் கலந்தால் போதும். புளிப்பான கனியைப் பாலுடன் கலத்தல் கூடாது. புளிப்பு மிகுந்தால் பாலின் புரதம் திரண்டுவிடும். நாவல், திராட்சை ஆகியவற்றைத் தயிருடன் கலக்கலாம். தயிரில் அப்புரதம் முன்னமே திரண்டிருப்பதால் தீங்கில்லை.

வாழைப்பழ ரசாயனத்தில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேரும். நறுக்கிய வாழைப்பழம் காற்றுப்பட்டுக் கறுப்பது ஒரு நொதியின் செயலால். சில துளி எலுமிச்சைச் சாறு அச்செயலை மட்டுப்படுத்தும்.

கனிகளைக் கட்டியாக உறையவைத்து உண்ண விரும்புவோருக்குக் கடற்பாசியே சிறந்தது. மன்னார் வளைகுடாவில் விளையும் பாசிகளிலிருந்தும் எடுக்கப்படும் இப்பொருள் 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் உறைந்துவிடும். மீண்டும் உருகுவதற்கோ ஏறக்குறைய 85 டிகிரி வெப்பம் வேண்டும். விலங்கின் எலும்பு, தோல்களிலிருந்து பெறும் ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளாகவே இளகிவிடுவதால், கோடை நாளில் குளிர்பெட்டிக்கு வெளியே நிலைக்காது. மேலும் பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்துவிடும். கடற்பாசியை அவை ஒன்றும் செய்வதில்லை.

ஐந்து கிராம் கடற்பாசியை ஊறவைத்து, 300 மில்லி லிட்டர் நீரில் முழுதும் கரையும்வரை கொதிக்கவிடவும். 40 கிராம் சர்க்கரையைச் சேர்த்து அடுப்பிலிருந்து இறக்கியபின், 200 மில்லி லிட்டர் கெட்டியான முசுக்கொட்டைச் சாற்றைக் கலக்கவும். புளிப்பான சாற்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடற்பாசியின் உறையும் தன்மை குன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாத்திரமும் சேமிப்பும்

புளிப்பான சாறு உலோகத்தைக் கரைக்கும் இயல்புடையது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களிலும், துத்தநாகம் பூசிய இரும்பு வாளியிலும் பானகத்தை வைத்திருந்தால் அவ்வுலோகங்கள் கலந்து குமட்டலும் வாந்தியும் உண்டாகலாம். செம்பு சி வைட்டமினையும் விரைவில் அழித்துவிடும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவையே தக்கவை. திருவிழாப் பந்தல்களில் இவ்விஷயம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

பிழிந்த சாற்றை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. சாற்றின் சர்க்கரை ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. மைசூரில் 1950-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கனிப் பானங்களைக் கெடாமல் காக்கும் முறைகளை ஆராய்ந்து பரப்பி வருகிறது. தொழிற்சாலைகளில் கந்தக டை ஆக்ஸைடு, பென்சாயிக் அமிலம் என்னும் இருவகைப் பாதுகாப்புப் பொருள்கள் சட்டம் வரையறுத்த அளவில் சேர்க்கப்படுகின்றன. கந்தக டை ஆக்ஸைடு ஆந்தோசயனினை வெளுக்கச் செய்வதால், நாவல், திராட்சை போன்ற நிறமுள்ள சாறுகளுக்குப் பென்சாயிக் அமிலத்தின் உப்பே பயன்படுகிறது. வீட்டில் இவை வேண்டியதில்லை. அன்றாடத் தேவைக்குப் புதிதாகச் செய்துகொள்வதே போதும்.

சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். விடியுமுன் வீட்டில் கலந்த பழச்சாறு நண்பகல் வரை புட்டியில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதனைக் குடிப்பது வயிற்றுக்கு ஆகாது. இத்தகையோர் காய்ச்சிய நீரை ஒரு புட்டியிலும், ஒரு முழு எலுமிச்சம்பழத்தையும், உப்பும் பொடித்த வெல்லமும் சேர்ந்த சிறு பொட்டலத்தையும் தனித்தனியே எடுத்துச் செல்லலாம். அறுக்காத எலுமிச்சம்பழம் கெடாது. உலர்ந்த உப்பும் வெல்லமும் கெடா. கைகளைக் கழுவிக்கொண்டு குடிக்கும் வேளையில் கலந்தால், செலவும் குறைவு, தீங்கும் இல்லை.

ஓர் எளிய சோதனை

பள்ளி மாணவர்கள் நாவற்பழச் சாற்றை மூன்று கண்ணாடிக் குவளைகளில் சிறிதளவு எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும், மற்றொன்றில் சமையல் சோடாக் கரைசலையும் விட்டு, மூன்றாவதை அவ்வாறே வைத்து ஒப்பிடுக. முதலாவது சிவக்கும், இரண்டாவது நீலம் கலந்து மங்கும். ஆந்தோசயனின் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டுவதே காரணம். பின்னர் அச்சாற்றைக் காய்ச்சிய ஆழ்துளைக் கிணற்று நீரிலும் மழைநீரிலும் தனித்தனியே கலந்து பார்க்க. கிணற்று நீரில் கலந்தது மங்கினால், அந்நீரில் காரத்தன்மை மிகுந்துள்ளது என்று அறியலாம். இச்சோதனையால் புளோரைடின் அளவு தெரியாது. அதற்கு ஆய்வுக்கூடப் பரிசோதனையே வேண்டும்.

முடிவுரை

குளிர்ந்த பானம் வாயிலும் தொண்டையிலும் பட்டவுடன் தாகம் தணிந்ததுபோல் தோன்றும். உடல் இழந்த நீர் அதற்குள் ஈடாகியிராது. ஆகவே வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இடைவிட்டுச் சிறிது சிறிதாகக் குடித்துவர வேண்டும். காய்ச்சிய நீர், அளவான உப்பு, குறைந்த இனிப்பு, நன்கு அலம்பிய புதிய கனி, புளிப்பைத் தாங்கும் பாத்திரம், உடனே பருகுதல் ஆகிய ஆறும் பொருந்தினால் எளிய பானகமே கோடைக்குப் போதுமான காவலாகும். இவற்றுள் முதலாவது தவறினால், எத்துணை அரிய கனியைப் பிழிந்தாலும் அது நோயைப் பரப்பும் பானமாகவே முடியும்.